சனிக்கிழமை மட்டும் போகாதீர்கள்: மும்பை யூதத் தலங்களுக்கு ஓர் அரைநாள் உலா

யூதர்களின் ஜெபக்கூடத்தைச் சுற்றிப் பார்க்கச் சனிக்கிழமை போகக் கூடாது. வெள்ளி மாலை பொழுது சாய்ந்ததிலிருந்து சனி இரவு வரை அவர்களுக்கு சப்பாத், ஓய்வு நாள். இது எனக்குத் தெரியாமல் இருந்தது பெரிய குற்றமில்லை. யூதத் தலங்களுக்கென்றே தனியாக உலா நடத்திக் காசு வாங்கும் நிறுவனத்துக்குத் தெரியாமல் போனதைத்தான் ஜீரணிக்க முடியவில்லை. (பெயர் சொல்லப் போவதில்லை. திட்டுவது என் நோக்கமும் இல்லை.)

காலா கோடாவில் கெனெசெத் எலியாஹூ ஜெபக்கூடத்தின் வாசலில் பதினோரு பேர் நின்றோம். இன்று பிரார்த்தனை மட்டும்தான், நாளை வாருங்கள் என்று காவலர் மரியாதையாகவே சொன்னார். வழிகாட்டித் தம்பி போனைக் காதில் வைத்துக்கொண்டு மரத்தடிக்கு ஒதுங்கிவிட்டார். "ஏங்க, பெருமாள் கோயிலுக்கு டூர் போட்டு, நடை சாத்தின பிறகு கூட்டிட்டு வந்த மாதிரி இருக்கே" என்றாள் மனைவி. வந்ததற்கு ஆளுக்கொரு காபி குடித்துவிட்டு ரயிலேறினோம்.

மறுநாள் ஞாயிறு, கூடுதல் கட்டணம் இல்லாமல் மறுபடி கூப்பிட்டார்கள். அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. ஆளுக்கு 1,800 ரூபாய். வேன், வழிகாட்டி, தண்ணீர் பாட்டில், இரண்டு சமோசா எல்லாம் அதில் அடக்கம். ஆதார் அட்டையின் அசலைக் கையில் வைத்திருங்கள். 2008 நவம்பரில் இங்கிருக்கும் யூத மையமான நாரிமன் ஹவுஸில் பயங்கரவாதிகள் தாக்கியதற்குப் பிறகு இந்த இடங்களில் எல்லாம் போலீஸ் காவல்தான். இதையும் முன்கூட்டியே யாரும் சொல்லவில்லை. எங்கள் குழுவில் ஒருவர் போனில் இருந்த படத்தைக் காட்டி, அரை மணி நேரம் வாசலிலேயே நிற்க வேண்டியதாயிற்று.

உள்ளே போனதும் கோபமெல்லாம் போய்விட்டது. கெனெசெத் எலியாஹூ 1884-ல் ஜேக்கப் சசூன் தன் தந்தை எலியாஹூவின் நினைவாகக் கட்டியது. முன்பெல்லாம் வெளியே பச்சை கலந்த வானநீலம் அடித்திருந்தார்கள். 2019-ல் புதுப்பித்தபோது பழைய பூச்சைச் சுரண்டிப் பார்த்து, வெள்ளையும் கருநீலமுமாக மாற்றினார்கள். வண்ணக் கண்ணாடி வழியாக வெயில் இறங்கித் தரை ஓடுகளில் விழுகிற இடத்தில் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். யாரும் கழற்றச் சொல்லவில்லை. மாடியைச் சுற்றிப் பெண்கள் உட்காரும் பகுதி. அங்கிருந்து கீழே பார்ப்பதுதான் அழகு.

தம்பி நன்றாகப் பேசினார் என்றால் இங்கேதான். யூதர்கள் கொடையை 'த்செதாக்கா' என்கிறார்கள், அந்தச் சொல்லின் வேர் நீதி, அதனால் ஏழைக்குக் கொடுப்பது அவர்கள் கணக்கில் இரக்கம் அல்ல, செலுத்த வேண்டிய பாக்கி என்றார். 12-ஆம் நூற்றாண்டில் மைமோனிடஸ் என்ற யூத அறிஞர் கொடுப்பதை எட்டுப் படிகளாகப் பிரித்ததையும் சொன்னார். முகம் சுளித்துக் கொடுப்பது கடைசிப் படி. கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் ஒருவரையொருவர் தெரியாமல் இருப்பது இரண்டாவது படி. கடனோ, கூட்டோ, வேலையோ கொடுத்து, அந்த ஆள் இனி யாரிடமும் கை நீட்ட வேண்டாதபடி செய்வது முதல் படி.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் முப்பது வருஷம் கணக்கு எழுதிய கை இது. பஜனை மண்டலியின் நன்கொடைப் புத்தகம் இன்றைக்கும் என்னிடம்தான் இருக்கிறது. டியூப் லைட்டில் வெளிச்சம் வராத அளவுக்கு 'உபயம்' எழுதுகிற ஊர்க்காரன் நான். பெயர் தெரியாமல் கொடுப்பது உயர்ந்தது என்று சொல்லிவிட்டு, அடுத்த மூன்று மணி நேரமும் சசூன் என்ற ஒரே குடும்பத்தின் பெயரை ஒவ்வொரு கல்லாகக் காட்டிக்கொண்டு போனால் எனக்குச் சிரிப்பு வராதா?

நடந்து போகிற தூரத்திலேயே டேவிட் சசூன் நூலகம். மஞ்சள் நிற மலாட் கல், கூர்மையான வளைவுகள், நுழைந்ததும் பெரியவரின் சலவைக்கல் சிலை. டேவிட் சசூன் பாக்தாதிலிருந்து கிளம்பி 1832-ல் பம்பாய் வந்தவர். பருத்தியிலும் அபினியிலும் பணம் குவித்தது அந்தக் குடும்பம். தம்பி 'வியாபாரம்' என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தார். நூலகத்தை ஆரம்பித்ததோ வேறு ஆட்கள். 1847-ல் அரசு நாணயச் சாலையிலும் கப்பல் துறையிலும் வேலை பார்த்த இளம் மெக்கானிக்குகள். 1870-ல் முடிந்த இந்தக் கட்டடத்துக்கு ஆன செலவு 1,25,000 ரூபாய். அதில் சசூன் கொடுத்தது 60,000, மீதி அரசாங்கம். அதாவது 48 சதவீதம் கொடுத்து நூறு சதவீதப் பெயர். குறையாகச் சொல்லவில்லை. அந்த அறுபதாயிரம் இல்லாவிட்டால் மெக்கானிக்குகளின் புத்தகங்கள் எந்தக் கொட்டகையில் கிடந்திருக்குமோ! மேல் வராந்தாவில் நீளக் கை வைத்த சாய்வு நாற்காலிகள் உண்டு. ஒருவர் பரீட்சைப் புத்தகத்தை மார்பில் கவிழ்த்து வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அவருடைய மதம் என்ன, ஜாதி என்ன என்று அந்த நாற்காலி கேட்டதில்லை. நான் பார்த்த நல்ல கொடைகளில் அந்த நாற்காலி ஒன்று.

இந்தப் பகுதிக்குக் காலா கோடா என்று பெயர் தந்த கறுப்புக் குதிரையும் அதே வீட்டுக் கொடைதான். வேல்ஸ் இளவரசர் குதிரை மேல் அமர்ந்த சிலை, டேவிட்டின் மகன் ஆல்பர்ட் கொடுத்தது. 1965-ல் அதை எடுத்து பைகுல்லா மிருகக்காட்சிச் சாலைக்கு அனுப்பிவிட்டார்கள். 2017-ல் அதே பேட்டையில் புதிதாக ஒரு குதிரையை நிறுத்தினார்கள், மேலே ஆள் இல்லாமல்.

அப்புறம் வேன் பைகுல்லாவுக்குப் போனது. வழியில் இருக்கும் மஸ்ஜித் பந்தரைத் தாண்டிப் போய், பிறகு அங்கேயே திரும்பி வந்தோம். இந்த வழியைப் போட்டவர் மும்பை வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்க வேண்டும். பைகுல்லாவில் மகென் டேவிட் ஜெபக்கூடம், நீல நிறம், உயரமான மணிக்கூண்டு. 1860-களில் டேவிட் சசூன் கட்டியது. கூட்டம் கொள்ளாமல் 1910-ல் பேரன் ஜேக்கப் பெரிதாக்கினார். பக்கத்திலேயே சசூன் பெயரில் பள்ளிக்கூடங்கள். பாக்தாதி யூதக் குழந்தைகளுக்காகத் தொடங்கியவை. இன்று அங்கே படிப்பவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் பிள்ளைகள். ஞாயிறு என்பதால் மைதானத்தில் பையன்கள் யாரும் இல்லை. வார நாளில் வந்திருந்தால் அந்தச் சத்தத்தையும் கேட்டிருக்கலாம்.

இங்கேதான் நான் ஒரு கேள்வி கேட்டேன். பம்பாயில் பாக்தாதிகளுக்கு முன்பே பெனே இஸ்ரேல் யூதர்கள் இருந்தார்கள். கொங்கணக் கரையில் செக்கு ஆட்டி, சனிக்கிழமை செக்கை நிறுத்தியதால் 'சன்வார் தேலி' (சனிக்கிழமைச் செக்கார்) என்று பெயர் வாங்கியவர்கள், வீட்டில் மராத்தி பேசுகிறவர்கள். 1836-ல் டேவிட் சசூனும் வேறு சில பாக்தாதிகளும் அரசுக்கு ஒரு மனு கொடுத்தார்கள். யூதர்களின் பொது இடுகாட்டில் தங்களுக்கும் பெனே இஸ்ரேலுக்கும் நடுவே சுவர் எழுப்ப வேண்டும் என்று. ஊருக்கே நூலகம் கட்டிய கை அதிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறது. இதை ஏன் சொல்லவில்லை என்றேன். "அதெல்லாம் நெகட்டிவ் சார்" என்றார் தம்பி. எனக்கு அது நெகட்டிவாகப் படவில்லை, கணக்கின் மறுபக்கமாகத்தான் பட்டது. வரவை மட்டும் வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூட முடியுமா?

பைகுல்லாவிலிருந்து மஜ்காவ் கூப்பிடு தூரம். 1875-ல் ஹாயிம் சாமுவேல் கேஹிம்கர் பெனே இஸ்ரேல் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளி அங்கே இருக்கிறது. பின்னால் எல்லி கதூரி நிதி கொடுத்ததால் இப்போது அவர் பெயரில். குமாஸ்தாக்களும் தச்சர்களும் சிப்பாய்களுமாக இருந்த ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்காகத் தானே முயன்று எடுத்த பள்ளி. உலாவில் அது இல்லை. வேன் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

கடைசி இடம், மஸ்ஜித் பந்தரில் சாமுவேல் தெரு. வேன் நுழையாது. மூட்டை வண்டிகளுக்கு நடுவே நடந்துதான் போக வேண்டும். ஷார் ஹராஹமிம், கருணையின் வாசல் என்று பொருள். பம்பாயின் முதல் ஜெபக்கூடம் இதுதான், 1796. கட்டியவர் சாமுவேல் எசக்கியேல் திவேகர், கம்பெனிப் படையில் இருந்த பெனே இஸ்ரேல்காரர். திப்பு சுல்தானிடம் சிறைப்பட்டு, உயிரோடு திரும்பினால் ஒரு கோயில் கட்டுவதாக வேண்டிக்கொண்டார் என்பது மரபு. நம் ஊர் வேண்டுதல் கதை மாதிரியே இருக்கிறதா? 1860-ல் இப்போதைய இடத்துக்கு மாற்றினார்கள். மஸ்ஜித் ஸ்டேஷனுக்கு அந்தப் பெயர் வந்ததே இந்தக் கூடத்தால்தான் என்றும் சொல்வார்கள்.

இதற்குத் தம்பி ஒதுக்கியது பதினைந்து நிமிடம். ஆனால் அங்கே ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார், மூக்குக் கண்ணாடியை நூலில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு. என் மராத்தியைக் கேட்டதும் "மதராஸி அண்ணாவா?" என்று சிரித்தார். சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு. ஓரம் எண்ணெய்ப் பிசுக்கேறி, ரப்பர் பேண்ட் போட்டது. கணக்குப் புத்தகம் என்று நினைத்துக் கேட்டேன். காட்டினார். பெயர்கள், போன் நம்பர்கள், பக்கத்தில் பென்சில் டிக். முழுப் பிரார்த்தனைக்கு வயது வந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும், மின்யான் என்பார்கள். அந்தப் பத்துப் பேரைச் சேர்ப்பதற்கான நோட்டு அது. 1948-க்குப் பிறகு குடும்பம் குடும்பமாக இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். மிச்சம் பேரிலும் பலர் தாணேயில் இருக்கிறார்கள். "மழை பெய்தால் தாணேக்காரன் வரமாட்டான். அவன் மகனுக்குப் போன் போட வேண்டும்" என்றார். ஒரு பெயருக்கு எதிரே மூன்று கேள்விக்குறி. எட்டு பேர், ஒன்பது பேர் வரை வந்துவிடுமாம். அந்தப் பத்தாவது ஆள்தான் பாடு.

"பத்தாவது ஆள் யாராவது காசு கொடுத்து வருவாரா?" என்று அசட்டுத்தனமாகக் கேட்டுவிட்டேன். "காசுக்கு வருபவனை எண்ணலாம், பக்கத்தில் உட்கார வைத்துச் சாப்பிட முடியுமா?" என்றார்.

அவர் படித்தது அந்த மஜ்காவ் பள்ளியில்தான். மலிதாவைப் பற்றியும் சொன்னார். நனைத்த அவல், தேங்காய், இனிப்பு, ஏலக்காய், மேலே பழங்கள். எலியாஹூ தீர்க்கதரிசியின் பெயரைச் சொல்லிப் படைத்து, வந்த எல்லோருக்கும் பங்கிடுவது. "நம்ம கிருஷ்ண ஜெயந்தி வெல்ல அவல்!" என்றாள் மனைவி தமிழில். அவருக்குப் புரிந்த மாதிரிதான் இருந்தது. அந்த ஆறிய சமோசாவுக்குப் பதில் ஒரு கரண்டி மலிதாவுக்கு ஏற்பாடு செய்திருந்தால் இந்த விமர்சனத்தில் இன்னும் அரை நட்சத்திரம் ஏறியிருக்கும்.

ஐந்துக்கு மூன்று. கட்டடங்களுக்கு நாலரை தரலாம். தேதிக் குளறுபடி, வழி, விழுங்கிய விஷயங்கள் எல்லாம் சேர்ந்து ஒன்றரையைத் தின்றுவிட்டன. போகலாமா என்றால், தாராளமாகப் போங்கள். ஒன்று மட்டும் செய்யுங்கள். சாமுவேல் தெருவில் வேன்காரர் போன் மேல் போன் போடுவார், சமோசா நேரம் என்பார். வேன் போகட்டும் என்று சொல்லிவிடுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். மஸ்ஜித் ஸ்டேஷன் பக்கத்திலேயே இருக்கிறது, லோக்கல் பிடித்து வீட்டுக்கு வந்துவிடலாம்.