‘லாரிப் பட்டை’ என்று சொல்லி விற்கும் வெட்டரிவாள்: கவனம்

சீமைக்கருவேலம் வெட்ட அரிவாள் அடிக்கக் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். ரெண்டு அரிவாளுக்கு 1,800 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். பணம் போனால் போகட்டும், அக்கா மகனுக்குக் கண்ணே போயிருக்கும்.

பரமக்குடிப் பக்கம் எங்களுக்கு ஒண்ணரை ஏக்கர் மானாவாரி நிலம் இருக்கிறது. நாலு வருஷம் தரிசாகக் கிடந்ததில் கருவேலம் மண்டிவிட்டது. பெரிய தூரை மெஷின் விட்டுப் பிடுங்கினோம். வரப்போரத்து முள்ளைக் கையால்தான் கழிக்கணும். ரோட்டோரக் கொல்லுப்பட்டறை ஒன்றில் கேட்டேன். “அசல் லாரிப் பட்டைண்ணே, பேரன் காலத்துக்கும் வரும்” என்றார் பட்டறைக்காரர். லாரியின் ஸ்பிரிங் பட்டையைத்தான் அப்படிச் சொல்வார்கள். நம்பி முழுப் பணத்தையும் முதலிலேயே கொடுத்தேன். அதுதான் நான் செய்த தப்பு.

முதல் அரிவாள் ஒரு பொழுதுகூடத் தாங்கவில்லை. மணிக்கட்டு கனமுள்ள கிளையில் நாலு வெட்டு விழுந்ததும் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, மடங்கிக்கொண்டது. அரம் போட்டால் ஈயத்தைச் சீவுவது போல் வழித்துக்கொண்டு வந்தது. தெரிந்த லேத் பட்டறையில் கிரைண்டரில் வைத்துப் பார்த்தார்கள். பொறி நீளநீளக் கோடாக ஓடியதே தவிர, நுனியில் பூப்பூவாய் வெடிக்கவில்லை. கிரில் கேட் செய்கிற சாதா எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) பட்டை அது. அதில் கார்பன் கால் சதவீதம்கூட இருக்காது. எத்தனை தடவை காய்ச்சித் தோய்த்தாலும் இறுகாது. லாரி ஸ்பிரிங் பட்டையில் அரை சதவீதத்துக்கு மேல் இருக்கும், அதனால்தான் வாய் நிற்கிறது. கட்டடக் கம்பியில் அடித்துக் கொடுத்தாலும் எம்.எஸ். கதைதான். காந்தம் வைத்துப் பார்த்து ஏமாறாதீர்கள், ரெண்டிலும் ஒட்டும்.

திரும்பப் போய்ச் சண்டை போட்டேன். “வெட்டத் தெரியாம வெட்டுனா மடங்கத்தான் செய்யும்” என்றவர், கடைசியில் நிஜமாகவே ஒரு பழைய ஸ்பிரிங் பட்டையை எடுத்து என் கண் முன்னால் அடித்தார். செக்கச்செவேலென்று காய்ச்சி, பச்சைத் தண்ணீரில் சொருகினார். ‘டிக்’ என்று ஒரு சத்தம் வந்தது. அன்றைக்கு அதன் அர்த்தம் எனக்குப் புரியவில்லை.

மூன்றாம் நாள் அக்கா மகன் வெட்டும்போது அரிவாள் நடுவில் முறிந்து, முன் துண்டு அவன் காதோரம் பறந்து போய் மண்ணில் குத்திக்கொண்டது. “மாமா!” என்று அவன் அலறியது இன்னும் காதில் இருக்கிறது. முறிந்த இடத்தைப் பார்த்தேன். முக்கால் பாகம் துரு ஏறிப் பழுப்பாகக் கிடந்தது. ஓரத்தில் கால் பாகம் மட்டும்தான் புதிதாய் முறிந்த சாம்பல் வெள்ளை. தோய்க்கும்போதே விரிசல் விட்டிருக்கிறது.

ஸ்பிரிங் பட்டையை எண்ணெயில்தான் தோய்க்கணும். தண்ணீர் சட்டென்று குளிரவைப்பதில் இரும்பு பிளக்கும். எண்ணெயில் தோய்த்தாலும் அப்படியே கொடுத்தால் கண்ணாடி மாதிரி இருக்கும். கருமையைத் தேய்த்துவிட்டு, மறுபடி இளஞ்சூட்டில் காட்டி, வைக்கோல் நிறம் தாண்டிச் செம்பழுப்பு வரும்வரை பதம் இறக்கணும், அதாவது இறுக்கத்தைக் கொஞ்சம் குறைக்கணும். ஓடித் தேய்ந்த பழைய பட்டையில் ஏற்கெனவே கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கலாம் என்பதையும் மறக்காதீர்கள். உருப்படியான துண்டா என்று அடிப்பதற்கு முன்பே கேளுங்கள்.

பிடி போடும் முன் அரம் ஒன்றைக் கையோடு கொண்டுபோய் வாயில் உரசிப் பாருங்கள். வழுக்கினால் இறுகியிருக்கிறது, ஆழமாகக் கடித்தால் வேண்டாம். பதம் இறக்கிய பிறகு லேசாகக் கடிக்கும், அது பரவாயில்லை. காய்ந்த கட்டையில் பத்து வெட்டு வெட்டிப் பார்க்காமல் முழுப் பணமும் கொடுக்காதீர்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்க முந்தாநாள் போனேன். தரவில்லை. அதே தண்ணீர்த் தொட்டிதான் அங்கே இருந்தது. அரிவாளுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவரிடம் என் முறிந்த துண்டைக் கொடுத்தேன். துருப் பிடித்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தவர், எழுந்து தன் பணத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.