9900 என்று அச்சடித்த ரோச் பற்றரியை நம்பி வாங்காதீர்கள்

திருகோணமலையில் ரோச் லைற் வாங்க இருப்பவர்கள், முக்கியமாக வயல் காவலுக்கும் இரவுத் தொழிலுக்கும் வாங்குகிறவர்கள், இதை வாசித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

பெட்டிக்குள் ஒரு எல்.ஈ.டி. ரோச், ஊதா நிறத்தில் இரண்டு லித்தியம் பற்றரி, சுவரில் செருகும் சின்னச் சார்ஜர். பற்றரியில் 18650 என்றும் 9900 எம்.ஏ.எச். (பற்றரி எவ்வளவு மின் பிடிக்கும் என்ற கணக்கு) என்றும் போட்டிருக்கும். தம்பலகாமத்தில் வேளாண்மை செய்யும் மாமாவுக்காக நகரில் ஒரு கடையில் வாங்கினேன். "ஒருக்கா சார்ஜ் போட்டா விடிய விடிய எரியும் தம்பி" என்றார் கடைக்காரர்.

அரை மணித்தியாலத்துக்குள் மங்கிவிட்டது. மற்றப் பற்றரியும் அப்படித்தான். யானை இறங்கும் வயலில் காவல் இருக்கிற மனிசனுக்கு இது விளையாட்டுக் காரியமா? மாமா பேசாமல் மூன்று பெரிய பற்றரி போடும் தன் பழைய ரோச்சை எடுத்துக்கொண்டார்.

18650 என்பது வெறும் அளவு: 18 மில்லிமீற்றர் விட்டம், 65 மில்லிமீற்றர் நீளம். அந்த அளவுக்குள் பனசொனிக், சம்சுங், எல்ஜி போன்ற பெரிய கம்பனிகளே பொதுவாக 3500 எம்.ஏ.எச். வரைதான் அடக்குகின்றன. 9900 அச்சகத்தில் மட்டும்தான் முடியும்.

நிறை பொய் சொல்லாது. நல்ல 18650 ஒன்று 45 முதல் 50 கிராம் வரை இருக்கும். தெரிந்த நகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தோம்: பழைய லப்டொப்பில் கழற்றிய பற்றரி 46 கிராம், இந்த ஊதாக்காரர் 27 கிராம். உள்ளே பாதி கோதுதான்.

ஏமாந்த காசைவிட என்னைப் பயப்படுத்தியது அந்தச் சார்ஜர். லித்தியம் பற்றரி 4.2 வோல்ற்றில் நிறைந்துவிடும், அதோடு சார்ஜர் தானாக நிற்க வேண்டும். போன் திருத்தும் அண்ணை ஒருவரின் கடையில் மீற்றர் பிடித்துப் பார்த்தோம். பச்சை லைற் வந்தது, ஆனால் மின் ஏறுவது நிற்கவில்லை. 4.2 தாண்டி 4.3ஐயும் தாண்டியது. பற்றரியைத் தொட்டால் சுட்டது. அண்ணை சட்டென்று பிளக்கை இழுத்தார். அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் பற்றரி வீங்கும், வாயு கக்கும், தீயும் பிடிக்கும். இதைத்தான் படுக்கும் பாய்க்குப் பக்கத்தில் செருகிவிட்டு நித்திரை கொள்கிறோம்.

கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனேன். "சைனா சாமான் அப்பிடித்தான் தம்பி. வேணுமெண்டா வேற சோடி தாறன்" என்று எடுத்து நீட்டினார். அதில் 12000 என்று போட்டிருந்தது! காசு திரும்பி வரவில்லை.

இனி வாங்குகிறவர்கள் ரோச், பற்றரி, சார்ஜர் மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். 18650 பற்றரியில் எம்.ஏ.எச். கணக்கு 3500ஐ விட மிகப் பெரிதாக இருந்தால் அப்படியே வைத்துவிடுங்கள். அளவுக்கு மிஞ்சி மின் ஏறாமல் தடுக்கும் பாதுகாப்பு மின்சுற்று உள்ள பற்றரி நல்லது, ஆனால் அது ஏறத்தாழ 70 மில்லிமீற்றர் வரை நீளும், ரோச்சுக்குள் அடங்குமா என்று கடையிலேயே போட்டுப் பாருங்கள். இரண்டை வரிசையாகப் போடும் ரோச் என்றால் புதியதையும் பழையதையும் கலக்க வேண்டாம். சார்ஜ் போட்டுவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு போகவும் வேண்டாம். கெட்டுப்போனதைக் குப்பையோடு கொளுத்தாதீர்கள், வெடிக்கும். இரண்டு முனையிலும் ரேப் ஒட்டித் தனியாக வையுங்கள்.

இன்னொன்று, பில் கேட்டு வாங்குங்கள். எனக்குக் கிடைத்தது தொகை மட்டும் எழுதிய கடதாசித் துண்டு, கடையின் பெயர்கூட அதில் இல்லை. நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம், ஆனால் எந்தக் கடையில் வாங்கினோம் என்று காட்டக் கையில் ஏதாவது இருக்க வேண்டுமே.