அடித்தட்டு டென்னிஸ் பந்தயச் செயலி: மண்டபம் கடற்கரையிலிருந்து ஒரு மதிப்புரை

மண்டபம், பாம்பன் பக்கத்து இளைஞர்களின் கைபேசிகளில் இப்போது புழங்கும் பந்தயச் செயலி ஒன்றைப் பற்றியது இந்த மதிப்புரை. கிரிக்கெட்டும் கால்பந்தும் அதில் உண்டு. ஆனால் பிற்பகல் வேளையில் முகப்பில் முதலில் வந்து நிற்பவை, துனிசியாவின் மோனாஸ்டிரிலும் துருக்கியின் அன்டால்யாவிலும் ஏறக்குறைய வாரந்தோறும் நடக்கும் சிறிய டென்னிஸ் போட்டிகள்தான். மோனாஸ்டிரில் காலை 10 மணி என்றால் நமக்குப் பிற்பகல் 2.30, மீனை இறக்கி, வலையைச் சரிசெய்து, சாப்பிட்டுவிட்டு உட்காரும் நேரம். செயலியின் பெயரை எழுதி அதற்கு ஆள் சேர்த்துவிட எனக்கு விருப்பமில்லை. சென்னை ஓப்பன் நுங்கம்பாக்கத்தில் நடந்த காலத்திலிருந்து டென்னிஸை விரும்பிப் பார்ப்பவன் நான். என் சித்தப்பா மகன் தன் கணக்கைத் திறந்து காட்ட, அருகில் இருந்து பார்த்தவற்றை வைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில், விற்கப்படும் சரக்கு எது என்று பார்க்க வேண்டும். நாம் தொலைக்காட்சியில் காணும் பெரிய போட்டிகளுக்குக் கீழே சேலஞ்சர் சுற்றும், அதற்கும் கீழே ஐ.டி.எஃப். (சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு) நடத்தும் உலக டென்னிஸ் சுற்றும் இருக்கின்றன. ஆண்கள் பிரிவில் அதன் கடைசிப் படியான எம்15 போட்டியில் மொத்தப் பரிசே 15,000 டாலர்தான். ஒற்றையர் பட்டம் வெல்பவருக்கு 2,000 டாலரைச் சற்றே தாண்டிய தொகை கிடைக்கும், முதல் சுற்றில் தோற்பவருக்கு 200 டாலர்கூடத் தேறாது. விமானக் கட்டணம், தங்குமிடம், பயிற்சியாளர் சம்பளம் எல்லாம் அவரவர் பொறுப்பு. டென்னிஸில் நடக்கும் முறைகேடுகளை ஆராய ஆடம் லூயிஸ் தலைமையில் அமைந்த சுயேச்சை ஆய்வுக் குழு 2018இல் வெளியிட்ட அறிக்கையின்படி, தரவரிசையில் முதல் 250 அல்லது 350 இடங்களுக்குள் இருப்பவர்களுக்கு மட்டுமே வரவும் செலவும் சரிக்குச் சரியாகிறது. அக்குழு கருத்துக் கேட்ட 3,200-க்கும் மேற்பட்ட வீரர்களில் 464 பேர், ஆட்டத்தை விலைபேசுவதைத் தாங்கள் நேரடியாக அறிந்திருப்பதாகச் சொன்னார்கள். பெல்ஜியத்தில் 180-க்கும் மேற்பட்ட வீரர்களோடு தொடர்பு வைத்து ஆட்டங்களை விலைக்கு வாங்கிய ஒருவருக்கு 2023இல் 5 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. உழைத்து மேலே வரத் துடிக்கும் நேர்மையான பிள்ளைகளே அங்கு மிகுதி என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் எந்த ஆட்டம் நேர்மையானது என்று பாம்பனில் உட்கார்ந்து பணம் கட்டுபவருக்குத் தெரிய வழியில்லை.

அடுத்தது விலை. சம பலமுள்ள இருவர் மோதும்போது நியாயமான விலை ஆளுக்கு 2.00, அதாவது நூறு ரூபாய் கட்டி வென்றால் இருநூறு திரும்ப வேண்டும். பெரிய போட்டி ஒன்றுக்கு இந்தச் செயலி இருபுறமும் 1.90 காட்டியது, மோனாஸ்டிர் ஆட்டத்துக்கோ 1.80 மட்டுமே காட்டியது. கட்டும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் சராசரியாக முதலாவதில் 5 ரூபாயும் இரண்டாவதில் 10 ரூபாயும் செயலிக்காரருக்குப் போய்ச் சேரும் என்பதே இதன் பொருள். தரம் குறைந்த சரக்குக்கு இரட்டிப்புக் கமிஷன். ஆட்டக்காரர்களை நன்றாக அறிந்த ஒருவர்கூட நெடுநாள் ஓட்டத்தில் இந்த 10 ரூபாயைத் தாண்டி லாபம் பார்ப்பது மிகக் கடினம்.

நேரலைப் பந்தயம்தான் இதன் மிக மோசமான பகுதி. மைதானத்தில் நடுவர் ஒவ்வொரு புள்ளியையும் கையிலுள்ள கருவியில் பதிய, அது தகவல் நிறுவனம் வழியாகப் பந்தயக்காரர்களுக்குப் போய், அதன் பிறகே நம் திரைக்கு வருகிறது. என் தம்பி 30-30 என்ற நிலையில் சர்வீஸ் போடுபவர் மீது 500 ரூபாய் கட்டினான். சிறு வட்டம் சில நொடிகள் சுழன்றது. பந்தயம் ஏற்கப்பட்டது என்று வந்த மறுகணமே திரை 30-40 ஆனது, அதாவது சர்வீஸ் போட்டவர் அந்தப் புள்ளியை ஏற்கெனவே இழந்திருந்தார். அடுத்த கேமில் அதே போலக் கட்டியபோது வட்டம் சுழன்று, "விலை மாறிவிட்டது" என்று பணம் திரும்பி வந்தது. சர்வீஸ் போட்டவர் அந்தப் புள்ளியை வென்றிருந்தார். நான் பார்த்துக்கொண்டிருந்த நேரம் முழுவதும் இதே முறைதான் நடந்தது. கூடைக்குள் இருக்கும் மீனைப் பார்த்துவிட்டவரும் பார்க்காதவரும் ஒரே ஏலத்தில் நிற்பது போன்ற வியாபாரம் இது. புள்ளியைத் தாமதமாகப் பதியக் கையூட்டு வாங்கினார்கள் என்று நடுவர்கள் சிலர் மீது 2016இல் குற்றச்சாட்டு எழுந்ததையும், மிக அடித்தட்டுப் போட்டிகளின் நேரலைப் புள்ளிகளை விற்பதையே நிறுத்த வேண்டும் என்று லூயிஸ் குழு பரிந்துரைத்ததையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

வீரர் காயத்தால் பாதியில் விலகுவது டென்னிஸில் அடிக்கடி நிகழ்வது. ஒரு செட் முடிந்திருந்தால் பந்தயம் செல்லும் என்று இந்தச் செயலியின் விதி ஆங்கிலத்தில் சொல்கிறது. முகப்பெல்லாம் தமிழில் இருக்க, விதிகள் மட்டும் தமிழில் இல்லை. தம்பி கட்டியிருந்த வீரர் முதல் செட்டை வென்ற பிறகு எதிராளி விலகினார். அந்த விதிப்படி வென்ற தொகை வந்திருக்க வேண்டும், வந்ததோ கட்டிய பணம் மட்டுமே. வாடிக்கையாளர் உதவி என்ற பெயரில் பேசியவர் "மேலிட முடிவு" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார்.

பணம் போடுவது எளிது, எடுப்பது அரிது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு தனிநபர்களின் வங்கிக் கணக்குக்கே யு.பி.ஐ. வழியாகப் பணம் அனுப்பச் சொல்கிறார்கள். எடுக்கப் போனால், முதலில் 30 விழுக்காடு வரியை அனுப்புங்கள் என்கிறார்கள். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள வருமான வரி விதிப்படி, வென்ற தொகையிலிருந்து வரியைப் பிடித்துக் கட்ட வேண்டியவர் பணம் கொடுப்பவரே. வென்றவரிடம் முன்பணமாகக் கேட்பது ஏமாற்று வேலை. "அண்ணே, இதையும் கட்டிவிட்டால் முழுசும் வந்துவிடும் என்கிறார்கள்" என்று தம்பி கேட்டபோது, ஒரு ரூபாயும் அனுப்பாதே என்றேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் இது இன்னும் கவலை தருகிறது. கடலுக்குப் போகாத வீட்டுக்கு அரசு தரும் 8,000 ரூபாய் நிவாரணம், அரிசிக்கும் பள்ளிக் கட்டணத்துக்குமே போதாதது.

இந்தச் சேவைக்குச் சட்டத்தின் துணையும் கிடையாது. தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டம் இணையவழிச் சூதாட்டத்தைத் தடைசெய்கிறது. ஆடுபவருக்கும் 3 மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டை நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறையோ 1 கோடி ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கிறது.

இந்தச் செயலிக்கு நான் ஒரு நட்சத்திரமும் தர மாட்டேன். இளம் வீரர்களின் ஆட்டத்தைப் பார்க்கத்தான் ஆசை என்றால், சேலஞ்சர் போட்டிகளை, ஆண்கள் தொழில்முறை டென்னிஸை நடத்தும் ஏ.டி.பி.யின் இணையதளத்திலேயே கட்டணமின்றி நேரலையாகப் பார்க்கலாம். ஏற்கெனவே பணம் சிக்கியிருப்பவர்கள், அனுப்பிய கணக்குகளின் விவரத்தையும் உரையாடல்களையும் அழிக்காமல் படமெடுத்து வைத்துக்கொண்டு, தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். செயலிக்காரர் யாரோ ஒருவரின் கணக்கிலிருந்து உங்களுக்குப் பணம் அனுப்பியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அந்தக் கணக்கு வேறொரு மோசடி வழக்கில் சிக்கியிருந்தால், உங்கள் வங்கிக் கணக்கும் சேர்ந்து முடக்கப்படலாம்.