சிஎஸ்ஆர் நிதி வாங்கித் தருகிறோம் என்று வருபவர்களிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்: கடலூர், புதுச்சேரி அமைப்புகளுக்கு

மருத்துவ முகாம், சர்க்கரை நோய்ப் பரிசோதனை, காசநோயாளிகளுக்குச் சத்துணவு என்று கடலூரிலும் புதுச்சேரியிலும் வேலை செய்யும் சின்ன டிரஸ்டுகளை, பெரிய கம்பெனிகள் சட்டப்படி சமூகப் பணிக்கு ஒதுக்கும் சிஎஸ்ஆர் நிதியை வாங்கித் தருவதாகச் சொல்லி ஒரு புரோக்கர் கூட்டம் சுற்றி வருகிறது. ஏமாந்த ஒரு அமைப்பின் காகிதங்களை முழுதாகப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறோம். புகார் விசாரணையில் இருப்பதால் யார் பெயரையும் சொல்லவில்லை.

கடலூர் கடலோரக் கிராமங்களில் முகாம் நடத்தும் டிரஸ்ட் அது. நடமாடும் மருத்துவ வண்டிக்கு ஒரு பெரிய கம்பெனியிடம் 40 லட்சம் வாங்கித் தருவதாகப் பேச்சு. முதலில் திட்ட அறிக்கை தயாரிக்க 25,000. அடுத்து, ‘ஃபைல் நகர’ 60,000. சில வாரங்களில் வாட்ஸ்அப்பில் ஒப்புதல் கடிதம் வந்தது. அதன்பின் கேட்டதுதான் பெரிய தொகை. 40 லட்சத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 7,20,000 ரூபாயாம். அதில் பாதியை முன்கூட்டியே கட்டினால்தான் பணம் இறங்குமாம். நிர்வாகிகள் யோசிக்க ஆரம்பித்ததும் போன் அணைந்துவிட்டது. கொடுத்த 85,000 போனது போனதுதான்.

அந்தக் கடிதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்திருந்தாலே போதும். லெட்டர்ஹெட்டில் கம்பெனியின் பதிவு அடையாளமான சிஐஎன் எண் இல்லை. எந்தக் கம்பெனியும் தன் லெட்டர்ஹெட்டில் அந்த 21 எழுத்து–எண் அடையாளத்தை அச்சிட்டாக வேண்டும் என்பது சட்டம். கீழே இருந்தது ஜிமெயில் முகவரி. கையெழுத்து போட்டவரின் பதவி ‘சிஎஸ்ஆர் மேலாளர், தென்மண்டலம்’ என்று இருந்ததே தவிர, எந்தத் தேதியில் கூடிய இயக்குநர் குழு இதை ஏற்றது என்ற ஒரு வரி கிடையாது. பணம் கட்டச் சொன்ன கணக்கு ஒரு தனிநபருடைய சேமிப்புக் கணக்கு.

வரி விஷயத்தில் குழப்பமே வேண்டாம். பதிலுக்கு எந்தச் சேவையும் எதிர்பார்க்காமல் கொடுக்கும் நன்கொடைக்கு ஜிஎஸ்டி கிடையாது. டிடிஎஸ் என்றால் கொடுப்பவரே வரியைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவது. வாங்குபவர் முன்னால் கட்டுவது அல்ல. இரண்டுமே அரசுக்குச் செலானில் போகிற பணம். யாரோ ஒருவருடைய ஜிபே எண்ணுக்கு வரி போகாது.

2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, நிகர சொத்து மதிப்பு (கடன் போக) 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி என்ற மூன்றில் ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய 3 ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். நோய்த்தடுப்பு, சுகாதாரம், குடிநீர் எல்லாம் அதில் அடங்கும். ஆனால் வெளி அமைப்பு வாங்க வேண்டுமானால் வருமான வரித் துறையின் 12ஏ (டிரஸ்டுக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை) பதிவுகளோடு, அதே மாதிரி வேலையில் 3 ஆண்டு அனுபவமும் வேண்டும். 2021 ஏப்ரல் 1 முதல், மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தில் சிஎஸ்ஆர்-1 படிவம் போட்டு எண் வாங்கியிருக்கவும் வேண்டும். ‘போன மாசம் ஆரம்பிச்ச டிரஸ்டுக்கே வாங்கிக் கொடுத்தோம்’ என்று ஒருவர் சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

பதிவுகளுக்கு இவர்கள் கேட்கும் தொகையும் கொள்ளைதான். தொண்டு அமைப்புகளுக்கான மத்திய அரசின் தர்பன் போர்ட்டலில் பதிவு இலவசம். சிஎஸ்ஆர்-1க்கும் அரசுக் கட்டணம் இல்லை. ஆடிட்டரோ கம்பெனிச் செயலரோ சான்றளித்துக் கையெழுத்திடுவதற்கான கூலி மட்டும்தான். 12ஏ, 80ஜி விண்ணப்பங்களும் அப்படியே. ‘அரசுக் கட்டணம்’ என்று யாராவது கேட்டால் செலானைக் காட்டச் சொல்லுங்கள்.

பணம் போவதைவிட எங்களுக்குப் பயமாக இருப்பது வேறு ஒன்று. பதிவு செய்து தருகிறேன் என்று புரோக்கர் தன்னுடைய மொபைல் எண்ணையும் மெயிலையும் போர்ட்டலில் போட்டுவிடுகிறார். டிஜிட்டல் கையெழுத்து டோக்கனையும் ‘என்கிட்டயே இருக்கட்டும் மேடம், அடிக்கடி தேவைப்படும்’ என்று வைத்துக்கொள்கிறார். அதன்பின் எல்லா ஓடிபியும் அவருக்கே போகும். உறவு முறிந்தால் உங்கள் டிரஸ்டின் பதிவுக்குள் நீங்களே நுழைய முடியாது. உங்கள் பெயரில் அவர் என்ன தாக்கல் செய்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் அறங்காவலர். டோக்கன் உங்கள் பீரோவில் இருக்க வேண்டும். போர்ட்டலில் உள்ள மொபைல் எண் உங்கள் நிர்வாகி ஒருவருடையதாக இருக்க வேண்டும். இதில் எந்த விட்டுக்கொடுப்பும் கூடாது.

இன்னொரு வகையினர் முன்பணமே கேட்க மாட்டார்கள். ‘40 லட்சம் உங்கள் கணக்குக்கு வரும், 28 லட்சத்தை ரொக்கமாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், மீதி உங்களுக்கு’ என்பார்கள். பணம் நிஜமாகவே வரும் என்பதுதான் ஆபத்து. 28 லட்சத்துக்குப் பொய் பில் வைத்தாக வேண்டும். மருந்து வாங்கியதாக, முகாம் நடத்தியதாக. விற்றவருடைய ஜிஎஸ்டி கணக்கோடு பில் ஒத்துப்போகாத அன்றே விஷயம் வெளியே வரும். 12ஏ ரத்தாகலாம், அறங்காவலர்கள் மேல் வழக்கு வரலாம். அந்த நேரத்தில் புரோக்கர் கையெழுத்து எந்தக் காகிதத்திலும் இருக்காது.

வெளிநாட்டு நிதி என்று வந்தால் இன்னும் கவனம். எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவுக்கு அமைப்புக்கு 3 ஆண்டு வயதும், அந்த 3 ஆண்டுகளில் நோக்கத்துக்காகச் செய்த 15 லட்சம் செலவும் வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பின் பணம் முதலில் வந்து சேரும் இடம் புது டெல்லி எஸ்பிஐ பிரதானக் கிளையில் உள்ள கணக்கு மட்டுமே. பதிவு உள்ள ஒரு அமைப்பு தான் வாங்கியதை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றவும் முடியாது. ‘எங்க டிரஸ்டுக்கு வரவைத்து உங்களுக்கு மாற்றுகிறோம்’ என்றால் இரண்டு பேரும் மாட்டுவீர்கள்.

அந்த 25,000 ரூபாய் அறிக்கையையும் படித்தோம். கடலூர் மீனவர் கிராமங்களுக்கான திட்டத்தில் ‘மலைவாழ் மக்கள்’ என்று நாலு இடத்தில் இருந்தது. வேறெங்கோ போட்டதை ஊர் பெயர் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். வண்டி வாங்கும் விலை இருந்தது. ஓட்டுநர் சம்பளம், டீசல், இன்சூரன்ஸ் இல்லை. சர்க்கரைப் பரிசோதனை இருந்தது. ஸ்ட்ரிப் கணக்கு இல்லை. குத்திய ஊசிகளை, ஊசி துளைக்க முடியாத வெள்ளை டப்பாவில் போட்டு, அனுமதி பெற்ற மருத்துவக் கழிவு நிலையத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது 2016 விதி. அதற்கு ஒரு பைசா ஒதுக்கவில்லை. சர்க்கரை அதிகம் என்று தெரிந்தவரை எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புவது, மறு மாதம் யார் போய்ப் பார்ப்பது என்பதும் இல்லை. ஊரில் வேலை செய்கிற செவிலியர் அக்காவும் உங்கள் கணக்காளரும் இரண்டு நாள் உட்கார்ந்தால் இதைவிட நூறு மடங்கு நல்ல அறிக்கை வரும்.

நிதி இருக்கும் இடங்கள் மறைவானவை அல்ல. நெய்வேலி என்எல்சி, சிப்காட் தொழிற்சாலைகள், புதுச்சேரித் தொழிற்பேட்டைகளில் உள்ள பெரிய கம்பெனிகள் ஆகியவற்றில் சட்ட வரம்புக்குள் வருபவை தங்கள் சிஎஸ்ஆர் குழு, கொள்கை, ஏற்ற திட்டங்கள் ஆகியவற்றை இணையதளத்தில் போட்டாக வேண்டும். எந்தக் கம்பெனி எதற்கு எவ்வளவு செலவழித்தது என்பது மத்திய அரசின் சிஎஸ்ஆர் போர்ட்டலில் கிடைக்கும். நேராக அங்கே எழுதுங்கள். ரோட்டரியின் குளோபல் கிராண்டுக்குத் திட்ட மதிப்பு குறைந்தது 30,000 டாலர் இருக்க வேண்டும். விண்ணப்பிப்பது ரோட்டரி சங்கமே, டிரஸ்ட் அல்ல. காசநோய்க்கான நிக்‌ஷய் மித்ரா நீங்கள் நோயாளிக்கு உதவுகிற திட்டம். அதில் ‘கிராண்ட்’ வாங்கித் தருகிறேன் என்பது பொய். அரசு டெண்டரில் மட்டும் முன்வைப்புத் தொகை உண்டு. அதுவும் டெண்டர் ஆவணத்தில் அச்சாகியிருக்கும், ஆவணம் சொல்லும் அரசுக் கணக்குக்கே போகும், டெண்டர் கிடைக்காவிட்டால் திரும்பி வரும்.

ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்டவர்கள் வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். ஆன்லைனில் அனுப்பியிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்குப் பேசுங்கள். பணம் இன்னும் அந்தக் கணக்கில் இருந்தால் முடக்க வழி உண்டு, தாமதித்தால் அதுவும் போகும். டிஜிட்டல் கையெழுத்தை வழங்கிய நிறுவனத்துக்கு எழுதி ரத்து செய்யுங்கள். போர்ட்டல்களில் கடவுச்சொல்லையும் தொடர்பு எண்ணையும் அன்றே மாற்றுங்கள். போலிக் கடிதத்தில் எந்தக் கம்பெனியின் பெயர் இருந்ததோ, அதன் பதிவு அலுவலகத்துக்கு நகலோடு ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்பி, அது சேர்ந்ததற்கான சான்றைப் புகாரோடு இணையுங்கள்.