கோலாலம்பூரில் சாப்பாட்டுக் கடை தேடியது: மேப்பா, வீடியோவா, ஆளைக் கேட்பதா?

போன ஆகஸ்ட் விடுமுறைக்கு நானும் மனைவியும் மகனும் கோலாலம்பூர் போய் ஆறு நாள் நின்றோம். இப்போது மச்சான் குடும்பம் போகப்போகிறது. இங்கே மட்டக்களப்பு கல்லடியில் இன்னும் இரண்டு வீட்டுக்காரரும் கேட்டுவிட்டார்கள், எல்லாருக்கும் ஒரே கேள்வி: அங்கே நல்ல கடையை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? நாங்கள் மூன்று வழியும் பார்த்தோம். கூகுள் மேப், யூடியூப் வீடியோ, பிறகு அந்த ஊர் ஆட்களையே கேட்பது. நான் ஊர் ஆளைக் கேட்பதன் பக்கம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வீடியோவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. என்ன சாப்பாடு எப்படி இருக்கும், பெயர் என்ன என்று தெரிந்துகொள்ள நல்லது. நாசி லெமாக் என்றால் தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, சம்பல், பொரித்த நெத்தலி, கச்சான், வெள்ளரிக்காய், முட்டை என்று மகன் விமானம் ஏறும் முன்பே மனப்பாடம் செய்திருந்தான். ஆனால் கடையைத் தேர்ந்தெடுக்க அது உதவவில்லை, ஏனென்றால் படம் எடுக்கிறவர் தட்டு நிறைந்திருக்கிற நேரத்தில்தான் எடுப்பார், நீங்கள் போகும் நேரம் வேறு.

சரி, மேப். முதல் இரண்டு நாளும் அதை நம்பித்தான் நடந்தோம். இரண்டாம் நாள் நாசி சம்பூர் சாப்பிட வேண்டும் என்று தேடினோம், அதாவது சோறும் வரிசையாக வைத்த கறிகளும், நாமே எடுத்துப் போட்டுக்கொண்டு போனால் காசாளர் தட்டைப் பார்த்து விலை சொல்லுவார். நாலரைக்கு மேல் நட்சத்திரம், நூற்றுக்கணக்கான கருத்துகள், ‘திறந்திருக்கிறது’ என்று பச்சை எழுத்து. போய்ச் சேரும்போது மூன்று மணி தாண்டிவிட்டது. கடை திறந்துதான் இருந்தது, பொய் இல்லை. தட்டங்களில் ஒன்றில் எண்ணெயும் கறிவேப்பிலைக் காம்பும், இன்னொன்றில் மீன் தலை எலும்பு, மூன்றாவதில் ஆறிப்போன கத்தரிக்காய் நாலு துண்டு. மேசை துடைக்கிற பையன் கையை விரித்து ‘ஹாபிஸ்’ என்றான். முடிந்துவிட்டது என்று அர்த்தம். அந்த ஊரில் நாங்கள் படித்த முதல் மலாய்ச் சொல் அதுதான்.

ஏன் மூன்று மணிக்குப் போனோம் என்பது அன்று இரவுதான் விளங்கியது. கோலாலம்பூர் நம்மை விட இரண்டரை மணித்தியாலம் முந்தியது. கைபேசி தானாக மாறிவிடும், வயிறு மாறாது. மட்டக்களப்பில் பன்னிரண்டரைக்குப் பசிக்கிற வயிறு அங்கே மூன்று மணிக்குத்தான் பசிக்கும். காலையில் ஏழு மணிக்குச் சாப்பிட்டுப் பழகியவன் அங்கே ஒன்பதரைக்கு இறங்குவான், நல்ல நாசி லெமாக் தள்ளுவண்டி அதற்குள் வாழை இலையை மடித்துவிட்டுப் போயிருக்கும்.

இது அந்த ஊரின் குறை இல்லை. வெளியூர் ஆள் ஒருவர் பின்னேரம் நாலு மணிக்கு நம் டவுனில் வந்து சோறும் இறால் கறியும் கேட்டால் என்ன கிடைக்கும்? அதே கடையில் ஆறரைக்கு மேல் கொத்துத் தட்டுகிற சத்தம் ரோட்டுக்குக் கேட்கும், மத்தியானம் வந்தால் சோத்துப் பார்சல் கட்டிக்கொண்டிருப்பார்கள், மேப்பிலோ கடை காலையில் இருந்து இரவு வரை ‘திறந்திருக்கிறது’ அவ்வளவுதான். கடை திறக்கும் நேரம் வேறு, கறி அடுப்பை விட்டு இறங்கும் நேரம் வேறு. இரண்டாவது தெரிந்தால்தான் நல்ல சாப்பாடு. அதை ஆட்கள்தான் சொல்லுவார்கள்.

கேட்பதிலும் நாங்கள் முதலில் பிழை விட்டோம். பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் தங்கிய இடத்தின் வரவேற்பில் இருந்த தம்பி தமிழ் ஆள், அவரைத்தான் கேட்டோம், அவர் வாழை இலைச் சாப்பாட்டுக்கு அனுப்பினார். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தமிழரைக் கேட்டால் தமிழ்ச் சாப்பாடுதான் வரும், ரசமும் சோறும் தின்ன கடல் தாண்டிப் போகத் தேவையில்லையே. மூன்றாம் நாள் அறை கூட்ட வந்த மலாய் அக்காவை அந்தத் தம்பியை வைத்துக் கேட்டோம், ‘நல்ல கடை எது’ என்று இல்லாமல் ‘நீங்கள் எங்கே, எத்தனை மணிக்குச் சாப்பிடுவீர்கள்’ என்று. அவர் பில்லின் பின்பக்கத்தில் கம்போங் பாரு என்று எழுதி, கடைக்கு அடையாளமாக ஒரு மரமும் வளைவும் கீறி, கீழே 11.45 என்று எழுதி இரண்டு கோடு போட்டார்.

கம்போங் பாரு இரட்டைக் கோபுரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிற பழைய மலாய்க் குடியிருப்பு, எல்ஆர்டி ரயில் அங்கேயே நிற்கும். 11.40க்குப் போய்விட்டோம். தட்டங்களில் ஆவி பறந்தது. மஞ்சள் நிறத்தில் தேங்காய்ப்பாலும் பச்சை ஊசி மிளகாயும் போட்ட கறி, பொரித்த மீன், ஒரு கரையில் பச்சை இலைகளும் அவற்றைத் தொட்டுத் தின்ன இறால் வாசம் வீசும் சம்பலும். மனைவி அந்தச் சம்பலை விரலில் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு ஒரு நிமிடம் பேசவே இல்லை. பன்னிரண்டரைக்கு வரிசை வாசலைத் தாண்டியது. நாங்கள் எழும்பும்போது மீன் தட்டம் காலி.

மேப்பை விட்டுவிடச் சொல்லவில்லை. கருத்துகளுக்குள் சொல் போட்டுத் தேடலாம், அதில் ‘ஹாபிஸ்’ என்பதை habis என்று ஆங்கில எழுத்தில் அடித்துப் பாருங்கள். ‘இரண்டு மணிக்கு வந்தேன், எல்லாம் முடிந்துவிட்டது’ என்று ஊர்க்காரர் எழுதியிருப்பார்கள், அதில் இருந்து நேரத்தைப் பிடிக்கலாம். ‘செடாப்’ (sedap) என்றால் ருசி, அதையும் தேடலாம். புதிய கருத்துகளை முதலில் வரச் செய்யுங்கள். இரவுச் சாப்பாட்டுக்கு மேப்பே போதும், ‘மாமாக்’ என்று சொல்லும் தமிழ் முஸ்லிம் கடைகள் நடுச்சாமம் தாண்டியும் ரொட்டி சானாய் போடுவார்கள், அங்கே நேரப் பிரச்சினை இல்லை. வெள்ளிக்கிழமை மட்டும் கவனம், ஜும்ஆ தொழுகை நேரத்தில் பல மலாய்க் கடைகள் பூட்டியிருக்கும்.

பேங்காக்குக்கு ஒருமுறை இரண்டு நாள் போனேன், அங்கே எனக்குப் பாஷையும் இல்லை, இடையில் நின்று சொல்ல ஆளும் இல்லை, படத்தைக் காட்டித்தான் வாங்கிச் சாப்பிட்டேன். அப்படிப்பட்ட ஊரில் மேப்தான் கைகொடுக்கும் என்று நினைக்கிறேன், இரண்டு நாளை வைத்து அதற்கு மேல் சொல்லக்கூடாது. மச்சானுக்கு அந்த பில்லைத்தான் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன், 11.45ஐ வட்டம் போட்டு.