இயற்கை வேளாண் ஆலோசகர் வேலை என்று பணம் கேட்கிறார்களா? கொஞ்சம் நில்லுங்கள்

சென்ற வாரம் பஸ் நிறுத்தத்துச் சுவரில் அந்தப் பச்சைச் சுவரொட்டியை மறுபடி பார்த்தேன். ‘கிராமப்புற இளைஞர்களே! 15 நாள் பயிற்சி. ஊராட்சிக்கு ஓர் இயற்கை வேளாண் ஆலோசகர். மாதம் 18,000 சம்பளம்.’ நிறுவனத்தின் பெயர் மாறியிருக்கிறது. பயிற்சி நடக்கும் ஊரும் மாறியிருக்கிறது. கைப்பேசி எண் மட்டும் மாறவில்லை. அந்த எண் எனக்கு மனப்பாடம். நாற்பது தடவையாவது அழைத்திருப்பேன். கடைசி முப்பது தடவை யாரும் எடுக்கவில்லை.

இதை முன்பே எழுதியிருக்க வேண்டும். ஏமாந்த கதை மட்டும் என்றால் எழுதியிருப்பேன். ஏமாந்த கையோடு என் சொந்தப் பெரியப்பாவின் ஒரு ஏக்கர் கடலையையும் கெடுத்துவிட்டேன். அந்த வெட்கம்தான் வாயை அடைத்தது.

எங்கள் ஊர் திண்டிவனத்துக்குப் பக்கம். தாவரவியலில் பட்டம் வாங்கிவிட்டு, ஒரு துணிக்கடையில் எட்டு மாதம் நின்று கால் வீங்கி வீட்டுக்கு வந்திருந்தேன். அந்த நேரத்தில்தான் சுவரொட்டி. படித்த படிப்புக்கும் பிறந்த ஊருக்கும் பொருந்துகிற வேலை என்று அம்மாவே சொன்னார். பதிவுக்கு 2,500, பயிற்சிக்கு 16,000. அம்மாவின் சங்கிலி கூட்டுறவுச் சங்கத்தில் அடகுக்குப் போனது.

பயிற்சி நடந்தது ஒரு கல்யாண மண்டபத்தில். மேடையில் நம்மாழ்வார் படம், மாலை, குத்துவிளக்கு. அந்தப் படத்தைப் பார்த்ததும் பாதிச் சந்தேகம் போய்விடுகிறது, அதற்காகத்தான் வைக்கிறார்கள். 1969இல் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்து அரசு வேலையை உதறிவிட்டு உழவர்களிடம் நடந்து போன மனிதர் அவர். அவர் படத்துக்குக் கீழே உட்கார்ந்து நாங்கள் ஆறு நாள் கற்றது, டீக்கடையில் ஒரு விவசாயியிடம் எப்படிப் பேச்சுக் கொடுப்பது என்பதை.

ஆம், ஆறு நாள்தான். பதினைந்து என்று சொன்னதில் மீதி ஒன்பதும் ‘களப்பயிற்சி’யாம், அந்தக் களம் எது என்பது பிறகு புரிந்தது. பஞ்சகவ்யம் பற்றி ஒரு மணி நேரம் திரையில் படம் காட்டினார்கள். சாணமும் நெய்யும் பிசைந்து வைத்து, கோமியமும் தண்ணீரும் சேர்த்து, பிறகு பால், தயிர், இளநீர், வெல்லம், வாழைப்பழம் போட்டுக் காலையும் மாலையும் கலக்கி, தயாராக ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும் பொருள் அது. மண்டபத்தில் ஒரு வாளி சாணம்கூட வரவில்லை. குளிர்சாதன அறையில் நெடி வருமே! அதற்குப் பதிலாக, “இதையெல்லாம் இந்தக் காலத்தில் யார் கலக்கிக்கொண்டிருப்பார்கள்? அதனால்தான் நம் கரைசல்” என்று பச்சை மூடி போட்ட ஒரு கேனைத் தூக்கிக் காட்டினார் பயிற்றுநர். கைதட்டினோம். நானும் தட்டினேன்.

நான்காம் நாளிலிருந்து வேளாண்மை என்ற சொல்லே குறைந்துவிட்டது. எங்களை இரண்டிரண்டு பேராக நிறுத்தி ஒருவரை விவசாயியாகவும் ஒருவரை ஆலோசகராகவும் பேசவைத்தார்கள். விவசாயி “விலை அதிகம்” என்றால் இப்படிச் சொல், “பக்கத்து வயல்காரர் யூரியாதான் போடுகிறார்” என்றால் அப்படிச் சொல். எந்தக் கேள்வி வந்தாலும் பதில் கேனில் போய் முடிய வேண்டும். இலை மஞ்சளா, கரைசல். பூ உதிர்கிறதா, கரைசல். புழுவா, இன்னொரு கரைசல். நூறு வகை நோய்க்கும் ஒரே லேகியம் விற்ற சந்தைக்காரன் நினைவு அன்றைக்கு எனக்கு வரவில்லை.

ஆறாம் நாள் சான்றிதழ். தங்க முத்திரை, ஒளி பட்டால் மின்னும் ஒட்டுவில்லை, தூரத்தில் பார்த்தால் அரசாங்கத்துடையது என்றே நினைக்கும்படி ஒரு சின்னம். கூடவே ஒரு தாள். அதில் ‘சம்பளம்’ என்ற சொல் எங்கேயும் இல்லை. ‘ஊக்கத்தொகை’ என்று இருந்தது. தொடக்கத்துக்கு 24,000 ரூபாய்ச் சரக்கு எடுக்க வேண்டும், அது ‘பயிற்சி பெற்றவரின் சொந்த விருப்பத்தின் பேரில்’ என்றும் இருந்தது. இரண்டு பேரைப் பயிற்சிக்குச் சேர்த்துவிட்டால் அதில் ஒரு பங்கு திரும்பும். அந்தத் தாளை நிறுத்தி நிதானமாகப் படிக்க விடவில்லை. வரிசையில் பின்னால் நின்றவர்கள் நகரச் சொன்னார்கள், கையெழுத்துப் போட்டேன்.

முதல் வாடிக்கையாளர் யார்? என்னை மறுக்க முடியாதவர்தான். பெரியப்பா மார்கழிப் பட்டத்தில் ஒரு ஏக்கர் இறவைக் கடலை போட்டிருந்தார். “பாப்பா படித்துவிட்டு வந்திருக்கிறாள், சொல்கிறபடி செய்வோம்” என்று பெரியம்மாவிடம் சொல்லிவிட்டு நான்கு கேன் எடுத்துக்கொண்டார். பணத்தைக் கையில் எண்ணி வைத்தார். சொந்தக்காரப் பெண் என்று ஒரு ரூபாய்கூடக் குறைக்கச் சொல்லவில்லை.

நாற்பது நாளைக்குப் பிறகு, மண் அணைக்கிற சமயத்தில், வழக்கம்போல ஜிப்சம் மூட்டை வாங்கிவந்து திண்ணையில் அடுக்கியிருந்தார். நான் வேண்டாம் என்றேன். பயிற்சிக் கையேட்டில் ‘தவிர்க்க வேண்டிய ரசாயனங்கள்’ என்ற பட்டியலில் யூரியா, பொட்டாஷ் வரிசையில் ஜிப்சமும் இருந்தது. அதற்குப் பதிலாகக் கரைசலை இரண்டு தடவை அதிகமாகப் பாசனத் தண்ணீரில் விடச் சொன்னேன். அவர் ஒரு நிமிடம் மூட்டையைப் பார்த்தார். பிறகு பக்கத்து நிலத்துக்காரருக்குக் கொடுத்துவிட்டார்.

செடி பச்சையாக, அடர்த்தியாக நின்றது. நான் படம் எடுத்து நிறுவனத்தின் குழுவுக்கு அனுப்பினேன், பாராட்டு வந்தது. சித்திரையில் பிடுங்கினால் பாதிக்கு மேல் பொக்கு. ஓட்டை நசுக்கினால் காற்று. வழக்கமாக இருபத்திரண்டு மூட்டை வருகிற நிலத்தில் பதினொன்று. பக்கத்து நிலத்தில், அதே விதை, அதே கிணற்றுத் தண்ணீர், பெரியப்பா கொடுத்த அதே ஜிப்சம், இருபது தாண்டியது.

அப்போதுதான் வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போனேன். அங்கிருந்த விஞ்ஞானி அம்மாள் திட்டவில்லை. ஒரு கடலைச் செடியைப் பிடுங்கிக் காட்டினார். பூ மேலே பூத்து, விழுது கீழே இறங்கி, காய் மண்ணுக்குள் பிடிக்கிறது. அந்தக் காய்க்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், வேரிலிருந்து ஏறி வருவது போதாது. விழுதும் காயும் தம்மைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து நேராக எடுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் செம்மண்ணில் அது குறைவு, ஜிப்சத்தில் அது இருக்கிறது. அதனால்தான் 40 முதல் 45ஆம் நாளில், ஹெக்டேருக்கு 400 கிலோ, அதாவது ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைக்கச் சொல்கிறார்கள். சுரங்கத்தில் வெட்டி எடுக்கும் ஜிப்சத்துக்கு இயற்கை வேளாண்மையில் இடம் உண்டு. உர ஆலைக் கழிவாக வருகிற பாஸ்போஜிப்சம்தான் கூடாது. பெரியப்பா வாங்கியது எந்த வகை என்று நான் கேட்டிருக்க வேண்டும். ஓர் ஆலோசகர் கேட்டிருக்க வேண்டிய கேள்வியே அதுதான். கால்சியம் செடிக்குள் எளிதில் இடம் மாறாது என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். மண்டபத்தின் கைதட்டலில் அதுவும் மறந்துவிட்டது.

பிறகு கேனைக் காட்டினேன். அவர் லேபிளைத்தான் முதலில் படித்தார். நீங்களும் அதையே செய்யுங்கள். உயிர் உரங்கள் 2006ஆம் ஆண்டிலிருந்து உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வருகின்றன. திரவ உயிர் உரம் என்றால் எந்த நுண்ணுயிர், ஒரு மில்லிலிட்டரில் எத்தனை, எப்போது தயாரித்தது, எதுவரை உயிரோடிருக்கும் என்பதெல்லாம் லேபிளில் வேண்டும். அசோஸ்பைரில்லம் போன்றவற்றுக்குக் குறைந்தது மில்லிலிட்டருக்குப் பத்துக் கோடி. என் கேனில் ‘கோடிக்கணக்கான நன்மை தரும் உயிர்கள்’ என்று மட்டும் இருந்தது, ஒரு பசுவின் படமும். செடி வளர்ச்சி ஊக்கிகளையும் 2021இல் அதே ஆணைக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். விற்பவருக்கும் வேளாண்மைத் துறையின் அனுமதி வேண்டும். எனக்கு அது இல்லை. ரசீதில் விற்றவர் பெயர் என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது. நாளைக்கு வழக்கு என்று வந்தால் அந்த மண்டபத்துக்காரர்கள் சாட்சிக்குக்கூட வரமாட்டார்கள்.

இன்னொரு பொய்யையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை நானும் மூன்று வீட்டில் பரப்பினேன். எங்கள் சான்றிதழை வைத்து விவசாயிகளுக்கு ‘ஆர்கானிக் சர்டிபிகேட்’ வாங்கித் தரலாம், ஆறு மாதத்தில் கிடைக்கும் என்றார்கள். முழுப் பொய். ஏற்றுமதித் தரச் சான்றை அங்கீகாரம் பெற்ற அமைப்புகள்தான் தர முடியும். தமிழ்நாட்டில் அரசின் விதைச்சான்று மற்றும் அங்ககச்சான்றுத் துறை அதைச் செய்கிறது. ஓராண்டுப் பயிருக்கு இரண்டு ஆண்டு, தென்னை, மா போன்றவற்றுக்கு மூன்று ஆண்டு மாறுதல் காலம் உண்டு. உள்ளூர்ச் சந்தைக்கு என்றால், விவசாயிகளே குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை ஒருவர் பார்த்து உறுதி சொல்லும் பங்கேற்பு உத்தரவாத முறை இருக்கிறது. இரண்டிலும் ஆறு மாதக் குறுக்குவழி கிடையாது. அந்த மூன்று வீட்டுக்கும் திரும்பிப் போய்ச் சொன்னேன். இரண்டு வீட்டில் காபி கொடுத்தார்கள். மூன்றாவது வீட்டில் நாயை அவிழ்த்துவிடாதது அவர்கள் பெருந்தன்மை.

உண்மையான பயிற்சி எப்படி இருக்கும் என்று அதன் பிறகுதான் பார்த்தேன். வேளாண் அறிவியல் நிலையங்களில் ஊரக இளைஞர்களுக்கான திறன் பயிற்சி என்று ஏழு நாள் வகுப்பு நடக்கிறது. கட்டணம் கிடையாது. வேளாண்மைப் பட்டமோ பட்டயமோ வைத்திருப்பவர்களுக்கு வேளாண் மருத்துவமனை மற்றும் வேளாண் தொழில் மையத் திட்டத்தில் 45 நாள் தங்கிப் படிக்கலாம், அதற்கும் கட்டணம் இல்லை. இப்படி இலவசமாக இருப்பதையே எனக்கு 18,500 ரூபாய்க்கு விற்றார்கள். அதுவும் போலியாக.

அந்த ஏழு நாளில் பாதி நேரம் வயலில்தான். ஒரு சதுர அடி மண்ணை வெட்டி மண்புழு எண்ணினோம். ஐந்து கிலோ வேப்பங்கொட்டையை இடித்து இரவு ஊறவைத்து, வடிகட்டி, நூறு லிட்டர் ஆக்கி, சோப்புக் கரைசல் சேர்த்து நாங்களே தெளித்தோம். பஞ்சகவ்யத்தை மோந்து பார்த்தோம், பத்து லிட்டர் டேங்குக்கு 300 மில்லி என்று அளந்து ஊற்றினோம். டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை தரும் பூஞ்சையை விதைக் கிலோவுக்கு 4 கிராம் எடைபோட்டுக் கலந்தோம். பிறகு ஒரு பெரிய தாளில் செடியை நடுவில் வரைந்து, இடப்பக்கம் கெடுக்கிற பூச்சி, வலப்பக்கம் அதைத் தின்கிற பூச்சி என்று வயலில் பார்த்ததை மட்டும் எழுதச் சொன்னார்கள். 1989இல் இந்தோனேசியாவின் நெல் வயல்களில் தொடங்கிய வயல்வெளிப் பள்ளி முறை அது.

அன்றைக்குப் பயிற்றுநர் ஓர் இலையை நீட்டினார். கறுப்பாக, ஆரஞ்சுப் புள்ளியோடு, குட்டி முதலை போல ஒரு புழு. “நல்லதா, கெட்டதா?” என்றார். கெட்டது என்று நான்தான் முதலில் சொன்னேன். பொறிவண்டின் புழுவாம். செடிச் சாற்றை உறிஞ்சும் அசுவினியைத் தின்று தீர்ப்பது அதுதான். எனக்குக் காது சூடாகிவிட்டது. போன மாசியில் அவரைப் பந்தல் போட்டிருந்த ஒரு அக்காவிடம் அதே புழுவைப் பொறுக்கி நசுக்கச் சொல்லியிருந்தேன். கூடவே அரை லிட்டர் கரைசலும் விற்றிருந்தேன்.

அந்தச் சுவரொட்டியைப் பார்த்து உங்கள் வீட்டுப் பிள்ளை ஆசைப்பட்டால், போகவேண்டாம் என்று எடுத்த எடுப்பில் சொல்லாதீர்கள். என்னிடம் அப்படிச் சொன்னவர்களின் பேச்சை நான் கேட்கவில்லை. பயிற்சிக்கு யாருடைய வயல், எத்தனை மணி நேரம் என்று அந்த எண்ணுக்கு அழைத்துக் கேட்கச் சொல்லுங்கள். பணிநியமனக் கடிதத்தின் நகலைப் பணம் கட்டும் முன்பே கேட்கச் சொல்லுங்கள். ஏதாவது சரக்கு வாங்க வேண்டுமா என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேசாமல் இருக்கச் சொல்லுங்கள். என் அனுபவத்தில், அங்கே இணைப்பு துண்டிக்கப்படும்.

ஏற்கெனவே கட்டிவிட்டீர்களா? ரசீது, சுவரொட்டியின் படம், கைப்பேசிச் செய்திகள் எதையும் அழிக்காதீர்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்காமல் நானே எழுதிக் கொடுத்தேன். எதிர்த்தரப்பு முகவரிக்குப் போன அறிவிப்பு ‘இந்த முகவரியில் இல்லை’ என்று திரும்பி வந்தது. சென்ற வாரச் சுவரொட்டியில் இருந்த புது முகவரியை இப்போது கொடுத்திருக்கிறேன். என்னோடு பயிற்சியில் இருந்தவர்களில் நான்கு பேர் மட்டுமே சேர்ந்து கையெழுத்துப் போட்டார்கள். மற்றவர்கள் வீட்டில் தெரிந்துவிடும் என்கிறார்கள். புரிகிறது.

விற்காத கேன்கள் பதினொன்று மாட்டுக்கொட்டகையில் இருக்கின்றன. அம்மா இரண்டைக் காலி செய்து கழுவிப் பார்த்தார், நாற்றம் போகவில்லை.

பெரியப்பாவுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது வாங்க மறுத்துவிட்டார். பெரியம்மா வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். இந்த மார்கழியிலும் அதே நிலத்தில் கடலைதான். நேற்றுப் போயிருந்தேன். திண்ணையில் ஜிப்சம் மூட்டைகள் வந்து இறங்கியிருந்தன. சுவரில் தொங்கிய நாட்காட்டியில் நாற்பத்தைந்தாம் நாளைப் பேனாவால் வட்டமிட்டு வைத்திருந்தார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை.