குப்பியா, பேனாவா: இன்சுலின் செலவை எங்கே குறைக்கலாம்?

நாளொன்றுக்கு 30 யூனிட் இன்சுலினை இரண்டு வேளையாகப் போட்டுக்கொள்ளும் ஒருவரைக் கணக்கில் எடுத்துக்கொள்வோம். அவருக்கு மாதம் 900 யூனிட் தேவை. மில்லிக்கு 40 யூனிட் கொண்ட 10 மில்லி குப்பியில் 400 யூனிட் இருப்பதால், மாதத்திற்கு இரண்டேகால் குப்பி போதும். சாதாரண மனித இன்சுலின் விலைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பதால், அந்தக் குப்பி தனியார் மருந்துக் கடையிலும் இருநூறு ரூபாய்க்குள் கிடைத்துவிடுகிறது.

அதே மருந்தைப் பேனாவுக்குரிய (பேனா வடிவில் இருக்கும் ஊசிக் கருவி) 3 மில்லி கார்ட்ரிட்ஜில், அதாவது அதனுள் பொருத்தும் மருந்துக் குழலில், வாங்கினால், யூனிட் ஒன்றின் விலை இரண்டு மடங்குக்கும் மேலாகிறது. அதோடு, ஒவ்வொரு முறையும் காற்றை வெளியேற்ற 2 யூனிட்டை வெளியே விட வேண்டியிருப்பதால், மாதத்தில் 120 யூனிட் உடம்பில் ஏறாமலேயே போகிறது. இந்தச் சேதாரத்தைக் கடைக்காரர் யாரும் சொல்வதில்லை.

ஆனாலும் பேனாவை ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட முடியாது. பார்வை மங்கிய முதியவருக்குச் சிரிஞ்சின் கோடுகளை எண்ணுவதைவிடப் பேனாவின் எண்ணைத் திருகி வைப்பது எளிது. குப்பியில் இன்னோர் ஆபத்தும் உண்டு: சிவப்பு மூடியுள்ள 40 யூனிட் சிரிஞ்சுக்குப் பதிலாக ஆரஞ்சு மூடியுள்ள 100 யூனிட் சிரிஞ்சை வாங்கி, அதே கோட்டைப் பார்த்து மருந்தை எடுத்தால், உடம்புக்குப் போவது ஐந்தில் இரண்டு பங்கு மட்டுமே. கண்ணும் கையும் சரியாக இருப்பவருக்குக் குப்பியே போதும் என்பது என் கருத்து. கிளார்ஜின் என்ற புதுவகை இன்சுலின் 2022-இல் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இரவில் சர்க்கரை அடிக்கடி தாழ்ந்துபோகிறவருக்கு அதன் கூடுதல் விலை நியாயமானதே. எந்த மாற்றமும் மருத்துவரின் சொல்லோடுதான் நடக்க வேண்டும்.

மருந்தை எங்கே வாங்குவது என்பதில் அரசு மருத்துவமனைக்கு நிகரில்லை. அங்கே மருந்து இலவசம். கூலி வேலை செய்பவருக்கு மட்டும் அது முழு இலவசமாக இருப்பதில்லை, வரிசையில் போகும் அரை நாள் கூலியும் செலவுதான். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற தமிழக அரசுத் திட்டம், மாத்திரையை வீட்டிற்கே கொண்டுவந்து அந்தச் சுமையைக் குறைத்தது. மாத்திரையை விலைக்கு வாங்குவோருக்கு மத்திய அரசின் மக்கள் மருந்தகமும், 2025 பிப்ரவரி 24 அன்று ஆயிரம் கடைகளுடன் திறக்கப்பட்ட முதல்வர் மருந்தகமும் நல்ல வழிகள். சிட்டாகிளிப்டின் என்ற சர்க்கரை நோய் மருந்தின் காப்புரிமை 2022-இல் முடிந்த சில வாரங்களில், அதன் 50 மில்லிகிராம் மாத்திரைகள் பத்தினை 60 ரூபாய்க்கு மக்கள் மருந்தகம் விற்கத் தொடங்கியது.

உண்மையில் கை கடிப்பது, இரத்தச் சர்க்கரையை அளக்க உதவும் பரிசோதனை ஸ்ட்ரிப். ஒன்று 15 முதல் 25 ரூபாய் என்றால், நாளைக்கு இரண்டு வீதம் மாதம் 900 முதல் 1,500 ரூபாய் ஆகிறது. குப்பி இன்சுலினை விலைக்கே வாங்கினாலும் 450 ரூபாயைத் தாண்டாது. மருந்தைவிடச் சர்க்கரையை அளப்பதற்குக் குறைந்தது இரு மடங்கு செலவு! 2025 செப்டம்பர் 22 முதல் ஸ்ட்ரிப்புக்கான ஜி.எஸ்.டி. 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்தது சிறு ஆறுதல். மருத்துவக் காப்பீடோ பெரும்பாலும் உள்நோயாளியாகச் சேர்ந்தால்தான் கைகொடுக்கிறது. புண் முற்றிக் காலை எடுக்கும் நிலைக்குக் கிடைக்கும் பணம், அந்த நிலை வராமல் காக்கும் ஸ்ட்ரிப்புக்குக் கிடைப்பதில்லை.

ஆகவே பேனாவிலிருந்து குப்பிக்கு மாறி மிச்சம் பிடிப்பவர், அந்தப் பணத்தை ஸ்ட்ரிப்புக்கென்று தனியே வைப்பது நல்லது. இரண்டாம் வகை நீரிழிவு நோயாளி, சர்க்கரை அளவு நிலைப்பட்டிருந்தால், மருத்துவரைக் கேட்டு ஒரு நாள் வெறும் வயிற்றிலும் மறுமுறை மதிய உணவுக்குப் பின்னும் என்று மாற்றி மாற்றிப் பார்த்து எண்ணிக்கையைக் குறைக்கலாம். உடலில் இன்சுலினே சுரக்காத முதல் வகை நோயுள்ள பிள்ளையின் வீட்டில் அந்தச் சிக்கனத்துக்கு இடமில்லை. அங்கே நாளைக்கு நான்கு முறையாவது விரலில் குத்தித்தான் ஆக வேண்டும்.